மொய்ரா அன்ரிக்கு வாங்கிய கொடி டின்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் மட்டும் படித்த நான் கட்டுரை எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன். லண்டனில் என்னை "எந்த ஊர்?" என்று கேட்பது புதினமில்லை. ஆனால் தலை நரைக்கும்வரை இங்கேயே வாழ்ந்த, எனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி, பால் வெள்ளை மொய்ரா அன்ரியையும் அவர் வாய் திறந்தவுடன் கடைகளில் அப்படித்தான் கேட்கிறார்கள்.

வந்த புதிதில் எனக்குக் காரணம் தெரியாது. கொழும்பில் எங்களுக்கு வெள்ளைக்காரர் எல்லாம் ஒன்றுதான். அப்போது அன்ரியின் மருமகன் என் அறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக அன்ரி சொல்லியிருந்தார். வேறு அறை தேட எனக்கு ஆங்கிலமும் இல்லை, துணிச்சலும் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கச்சி போனில் சொன்னாள்: "வெறுங்கையோட போய் நிக்காதேங்கோ அக்கா. கொடி போட்ட சாமான் ஏதும் வாங்கிக் குடுங்கோ. வெள்ளைக்காரருக்குத் தங்கட கொடியெண்டா உசிர்."

ஞாயிற்றுக்கிழமை, பெரிய பிரித்தானியக் கொடி போட்ட பிஸ்கட் டின்னுடன் சமையலறைக்குப் போனேன். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் பிரையனும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "உங்கள் கொடி, அன்ரி. எங்களுக்கு ரயில் பாதை போட்டுத் தந்த கொடி. நன்றி," என்றேன்.

பிரையனுக்குத் தேநீர் மூக்கால் வந்தது. "ஐரிஷ்காரிக்கா இது? பெட்டியைக் கட்டு! இவர்கள் எதையும் மறக்கமாட்டார்கள்!" என்று அன்ரியின் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். அன்ரி அவருக்கு முந்திச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வெள்ளவத்தை பஸ்ஸில் கண்டக்டர் என் சிங்களத்தைப் பேசிக் காட்டும்போது நானும் முந்திக்கொண்டு சிரிப்பேன். முந்தினால் நோவு குறைவு.

பிரையன் போனபின் அன்ரி சொன்னார்: "எங்களையும் இவர்கள்தான் ஆண்டார்கள்."

"உங்களுக்கும் ரயில் பாதை போட்டார்களா?" என்றேன்.

"போட்டார்கள். எங்கள் மாடுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக."

"எங்கள் ஊரில் தேயிலையை," என்றேன்.

இந்த முறை அன்ரி பிந்தித்தான் சிரித்தார். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மேலே போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

அடுத்த நாள் அன்ரி மருமகனுக்குப் போன் எடுத்து, அறை இல்லை என்றார். பிஸ்கட்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டு, டின்னில் என் இலங்கைத் தேயிலையை நிரப்பி, கொடிப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.