சொட்டு ஊற்றிய தண்ணீர்

தன் சரக்குப் படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. கால்வாய்க்காரர்கள் அவருக்குச் சொட்டு என்று பெயர் வைத்ததே அதனால்தான். மற்றவர்கள் கணுக்கால் நனைந்தால்தான் பம்பைத் தேடுவார்கள். இவரோ பம்பு உறிஞ்சி முடித்த பிறகும் பழைய துண்டோடு குனிந்து துடைத்து, பிழிந்து, மறுபடி துடைப்பார். இதில் நீச்சல் வேறு தெரியாது. ஒருமுறை தவறி விழுந்து, ஆணி மாதிரி நேராக உள்ளே போனார். லட்சம் ஆணிகளின் எடையுள்ள இரும்புப் படகு பக்கத்திலேயே சொகுசாக மிதந்துகொண்டிருந்தது. மேலே இழுத்துப் போட்டது மனைவிதான்.

படகை ஓட்டுவதும் மனைவிதான். அவள் நெட்டை, கேபின் குட்டை. கல்யாணமான நாளிலிருந்து குனிந்தே ஓட்டியவள், ஒருநாள் சொல்லிவிட்டாள்:

"நிமிர்ந்து நின்னு ஓட்டுற மாதிரி ஒரு கேபின் வேணும். இல்லைன்னா நீங்களே ஓட்டிக்குங்க."

சொட்டு ஓட்டும் லட்சணம் இரு கரைகளுக்கும் தெரியும். ஆகவே அவளுடைய தம்பி, தச்சன், வரவழைக்கப்பட்டான்.

வழியில் தாழ்வான பாலம் ஒன்றுதான். தச்சன் படகை அதன் அடியில் நிறுத்தி அளந்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு, அழகாகவே கட்டினான். அளந்த அன்று படகு நிறைய டைல்ஸ் பெட்டிகள் இருந்தன. அதைச் சொல்லத் தகுந்த விஷயமாக யாரும் நினைக்கவில்லை.

முதல் பயணத்தில் தம்பியும் கூட வர, அவள் நிமிர்ந்து நின்றபடி பாலத்தைக் கடந்தாள். சரக்கை இறக்கினார்கள். திரும்பி வந்தபோது பாலத்தின் வயிறு கேபினின் நெற்றிக்கு நேராக வந்தது. நல்லவேளை, நிறுத்திவிட்டாள்.

"நான் அளந்ததுல தப்பே இல்லக்கா. பாலம் இறங்கியிருக்கு."

"பாலம் எப்படிடா இறங்கும்?"

"அப்ப படகு ஏறியிருக்கு."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அதுதான் உண்மை. படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை ஒதுக்கிவிட்டுத்தான் உட்காரும். டைல்ஸ் இறங்கியதும் அவ்வளவு தண்ணீரை ஒதுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒதுங்கிய தண்ணீர் திரும்பி வந்து படகை மேலே தள்ளிவிட்டது. நன்றாக மிதந்ததுதான் குற்றம்.

வீடும் நாளைய சரக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம். தச்சன் ரம்பத்தை எடுத்தான்.

"ஒரு சாண் அறுத்தா போயிடலாம்."

"அறுக்கிறதா இருந்தா முதல்ல என் தலைய ஒரு சாண் அறுடா!"

பாலத்தின் மேல் கூட்டம் சேர்ந்துவிட்டது. "நாங்க எல்லாரும் படகுல ஏறிக்கட்டுமா அண்ணே?" என்று ஒரு சைக்கிள்காரர் கேட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் முகம் மாறியது. கேபினை ஒட்டிய பின்பக்கத்துக் காலிச் சரக்கறையைப் பார்த்தாள். அப்புறம் பம்பைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் குழாயை மாத்திப் போடுங்க. வெளிய இருக்கிற தண்ணிய உள்ள விடுங்க."

வீட்டைக் கொளுத்தச் சொன்னதுபோல் சொட்டு விழித்தார். "என் கையாலயா?"

"பின்ன? எனக்கு ஓட்டுற வேலை இருக்கே."

"மூழ்கிட்டா?"

"மூழ்க வைக்கத்தாங்க போறோம். கொஞ்சமா."

சொட்டு ரம்பத்தைப் பார்த்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு குழாயின் ஒரு முனையைக் கால்வாயில் எறிந்து, மறுமுனையைச் சரக்கறைக்குள் விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பைத் தட்டினார்.

"எவ்வளவு அழுக்கும்மா இது!" என்ற புலம்பல் மட்டும் நிற்கவில்லை.

படகின் பின்பக்கம் விரல் விரலாகத் தாழ்ந்தது. "போதும்!" என்று மேலேயிருந்து பத்துக் குரல். உள்ளே தண்ணீர் அலம்பிப் படகைச் சாய்த்துவிடாதபடி அவள் மெல்ல, மிக மெல்ல நகர்த்தினாள். ஒரு சிலந்தி வலையும் கொஞ்சம் புதுப் பெயின்ட்டும்தான் சேதாரம். மறுபக்கம் வெளிப்பட்டபோது அவள் நிமிர்ந்தே நின்றிருந்தாள். பாலம் கைதட்டியது.

கைதட்டல் ஓய்வதற்குள் சொட்டு குழாயை மாற்றிவிட்டார்.

"வீடு போய்ச் சேர்ந்தப்புறம் இறைக்கக் கூடாதா?"

"இது உள்ள இருந்தா எனக்குச் சோறு இறங்காது."

அன்றிலிருந்து வெறும் படகாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாலத்துக்கு முன்னால் நிரப்புகிறார், தாண்டியதும் இறைக்கிறார், துண்டால் துடைக்கிறார். இப்போது குழாயின் வாயில் ஒரு மெல்லிய துணியும் கட்டியிருக்கிறார். உள்ளே வருகிற தண்ணீர் சுத்தமாகவாவது வரட்டுமாம்.