பசு ஏற மறுத்த பாலம்

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் இரண்டு தறி உண்டு, மாடு கிடையாது. இதைப் பிற்பாடு சாக்காகச் சொல்லிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

படவேட்டைத் தாண்டி, மலையடிவாரத்து ஓடைக்குக் குறுக்கே நான் வரைந்து கட்டிய முதல் நடைபாலம் அது. அந்தக் கரையில் பதினைந்து வீடுகள். பால் ஊற்றும் இடம் இந்தக் கரையில். முந்தின மழைக்காலத்தில் பால் கேனோடு ஓடையில் இறங்கிய ஒருவர் கரையேறவில்லை. அதன்பிறகு அதே கேனைச் சுமந்து அதே ஓடையைக் கடந்தவர் அவர் மனைவி. பாலம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவரும் அவர்தான். அடுத்த மழைக்குள் முடித்துத் தருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முடித்தும் விட்டேன். நடக்கும் தளத்துக்கு இடைவெளி விட்ட இரும்புக் கம்பிகள். கனம் குறைவு, மழைநீர் தேங்காது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

புது வீட்டுக்குப் போலவே பாலத்துக்கும் முதலில் பசுதான் போகவேண்டும் என்றார்கள். அந்த அம்மா தன் பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டிவந்தார். அது ஒரு காலை வைத்தது, கம்பி இடுக்கில் ஓடும் தண்ணீரைப் பார்த்தது, காலை எடுத்துக்கொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், ம்ஹூம். எனக்கோ எரிச்சல்.

"மாடு கெடக்குதுக்கா, நீங்க வாங்க. நாப்பது பேர் நின்னாலும் தாங்கும்" என்றேன்.

"மாடு போவாம நான் எப்டிங்க போறது?"

அப்போதுதான் கவனித்தேன், அவர் கண்ணும் அந்த இடுக்கில்தான் இருந்தது.

"உங்களுக்கும் பயமா இருக்குதாக்கா?"

"கீழ தண்ணி தெரியுதுங்களே" என்றார் மெதுவாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவரைக் கொண்டுபோன தண்ணீரை அடிக்கு அடி ஜன்னல் வைத்து அவருக்குக் காட்டியிருந்தேன்.

சாக்குகளை விரித்து, மேலே வைக்கோல் பரப்பினோம். பசு மோந்து பார்த்துவிட்டு நடந்தது. அதன் முதுகில் கைவைத்தபடி அவரும் நடந்தார். மறுவாரமே கம்பிகளின் மேல் சொரசொரப்பான தகடு போட்டு மூடினேன்.

முதல் பெருமழைக்கு மறுநாள் காலை பால் ஊற்றும் இடத்தில் காத்திருந்தேன். கேனோடு வந்தவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஓடையில தண்ணி ரொம்ப ஓடுதுங்களா?" என்று என்னைக் கேட்டார். "சத்தம் கேட்டுது. நான் பாக்கல."