திகதி வெட்டப்பட்ட கடிதங்கள்

என் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பத்திரிகைத் துண்டுகள் இருந்தன. எல்லாம் அவர் எழுதியவை; ஒஹாயோவில் அவர் பிறந்த சிறுநகரத்தின் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதங்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் நிர்வாகத்தைக் கண்டித்தது. ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய முழுப்பெயரும் ‘ரொறன்ரோ, கனடா’ என்ற வரியும் இருந்தன. ஒன்றிலும் திகதி இல்லை.

திகதி இல்லாத தாளைக் கண்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கனடாவுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே வேலிதான். பல வருடங்களாகப் பனி தள்ளும்போது மட்டும் பேசிக்கொண்டோம். நான் ஓய்வுபெற்ற குளிர்காலத்தில் அவர் அந்தப் பெட்டியைக் காட்டினார். அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய சமையலறை மேசையில் துண்டுகளை வரிசைப்படுத்தி, குறிப்புக் கொப்பிகளில் திகதியோடு எழுதிவைப்பதே என் வேலையாயிற்று.

வியட்நாம் போருக்குப் போக மறுத்து 1970இல், இருபது வயதில் எல்லை கடந்தவர் அவர். பின்னர் கனடியராகி, அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டார். கண்டிப்பதை மட்டும் விடவில்லை. கடிதம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்த அக்கா அதை வெட்டித் தபாலில் அனுப்புவார். அக்காவின் கத்தரிக்கோல் கடிதத்தின் ஓரத்தை ஒட்டியே போகும். பக்கத்தின் மேலே இருக்கும் திகதி குப்பைக்குப் போய்விடும்.

ஆகவே நான் துண்டுகளைப் பின்பக்கமாகத் திருப்பித் திகதி தேடினேன். நன்றி கூறல் நாளுக்கான வான்கோழி விளம்பரம், பேஸ்போல் முடிவுகள், பாதி வெட்டுப்பட்ட மரண அறிவித்தல்கள். ‘மன்னிப்பு’ பற்றி இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டையும் 1974 என்று முதலில் குறித்துவிட்டேன். பதவி விலகிய ஜனாதிபதியை அவருக்குப் பின் வந்தவர் அந்த வருடம்தான் மன்னித்தார். ஒன்றைத் திருப்பியபோது, எரிவாயுத் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மூடப்பட்ட செய்தி தெரிந்தது. அது 1977இன் கடுங்குளிர். அந்த ஜனவரியில் பதவிக்கு வந்தவர், வந்த மறுநாளே, படையில் சேர மறுத்தவர்களை மன்னித்தார். என் அயலவருக்கே கிடைத்த மன்னிப்பு. அதற்கும் கண்டனம் எழுதியிருந்தார்: சேர்ந்த பின் ஓடியவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று.

“உங்களை மன்னித்த மனுஷனையுமா?” என்று கேட்டேன்.

“நன்றி என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேனே” என்றார். (அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் தருகிறேன்.)

மத்திய அமெரிக்காவுக்குப் போன ஆயுதங்கள், 2003இல் ஈராக், பிறகு ஆளில்லா விமானத் தாக்குதல்கள் என்று கண்டனங்கள் தொடர்ந்தன. அந்த விமானங்களை ஏவியவர் என் அயலவருக்கு மிகவும் பிடித்த ஜனாதிபதி. அவருக்கு வாக்களிக்கும்படி அக்காவைத் தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறார். அக்கா வாக்களித்தாரா என்று கேட்டேன். “தெரியாது. அவள் எந்தக் கட்சி என்று இன்றுவரை தெரியாது. வெட்டுவாள், அனுப்புவாள்.”

என்னை வியக்கவைத்த இன்னொன்றும் பெட்டியில் இருந்தது. அவருக்கு எதிராக ஊர்க்காரர் எழுதிய கடிதங்களையும் அக்கா வெட்டி அனுப்பியிருந்தார். ‘போருக்குப் பயந்து ஓடியவனுக்குப் பேச என்ன உரிமை?’ என்று கேட்டவரும் தன் பெயரையும் ஊரையும் போட்டிருந்தார். அதே பத்திரிகை, அதே பக்கம். ஓடியவனுக்கும் இடம், அவனைத் திட்டியவருக்கும் இடம். எங்கள் நாட்டில் நான் வளர்ந்த காலத்தில் அரசாங்கத்தைப் பற்றி எழுதியவர்கள் பெயரைத்தான் முதலில் மறைத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பெயரில்லாத கடிதத்தை எங்கள் மொழியில் மொட்டைக் கடிதம் என்போம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தன் வழுக்கையைத் தடவினார். “எனக்கு ஒரு மொட்டை போதும்.”

நானும் இங்குள்ள தமிழ் வாரப் பத்திரிகைக்கு ‘ஒரு வாசகர், ரூஜ்’ என்றுதான் எழுதுவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த வருடம் பனி கரையத் தொடங்கிய நேரம், அக்காவுக்கு இனி மருந்து இல்லை, நாட்கள்தான் என்று செய்தி வந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் அவருடைய புதிய கடிதம் வெளியாகியிருந்தது. இறக்குமதி வரிக்காக இப்போதைய நிர்வாகத்தைக் கண்டித்து எழுதியது. இந்த முறை இணையத்திலும் இருந்தது. பக்கத்திலுள்ள யூனியன்வில்லிலிருந்து அவருடைய மகள் ஓடிவந்தாள். அப்பா கனடியக் கடவுச்சீட்டில் போகிறவர். கடிதத்தைக் கண்டு எல்லையில் திருப்பி அனுப்பினால் அத்தையைப் பார்க்கவே முடியாது. பத்திரிகைக்கு அவளே எழுதிக் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அப்பா ஓம் என்றால் இணையத்தில் பெயரை எடுத்துவிட்டு ‘பெயர் தரப்படவில்லை’ என்று போடுவார்களாம்.

“ஒரு சொல் சொன்னால் போதும், அப்பா. கடிதம் அப்படியே இருக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். போடச் சொல்லவும் வாய் வரவில்லை, எடுக்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

“பெயரில்லாத கடிதமென்றால் என் அக்கா இத்தனை வருடம் எதற்கு வெட்டினாள்?” என்று அவர் மகளிடம் கேட்டார். அவள் அழுதாள். நண்பகல் கடந்தது.

கண் சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் நெடுந்தூரம் ஓட்டுவதில்லை. நான் ஓட்டுவதாகச் சொன்னேன். என் மனைவி வாசலில் மறித்தாள்.

“இஞ்சருங்கோ, அந்தக் கொப்பியளைக் கொண்டு போகாதேங்கோ. பிரிச்சுப் பாத்தா முழுக்க ஜனாதிபதிமாருக்கு ஏச்சுத்தான் கிடக்கு.”

“நான் ஏசேல்லை. ஆர் எப்ப ஏசினவை எண்டுதான் எழுதி வைச்சிருக்கிறன்.”

“உந்த விளக்கத்தை எல்லையிலை நிண்டு சொல்லப்போறியளே? உங்கட கடிதத்துக்குப் பேர் போடாமலே ஊர் முழுக்க உங்களைத் தெரியும். வரிக்கு வரி திகதி போடுற ஆள் வேறை ஆர் இருக்கினம்?”

கொப்பிகளை வைத்துவிட்டு, அவள் தந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

நயாகரா ஆற்றுப் பாலத்தில் அதிகாரி இரண்டு கடவுச்சீட்டுகளையும் வாங்கினார். நீங்கள் இருவரும் என்ன உறவு என்றார். “அயலவர்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த இடம் ஒஹாயோ என்றிருந்ததை அதிகாரி இரண்டு தரம் பார்த்தார். பையில் சாப்பாடு ஏதும் உண்டா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு உள்ளே வரும்படி சொன்னார்.

பிளாஸ்ரிக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “1970க்குப் பிறகு முதல் தடவையாகப் பயப்படுகிறேன்” என்றார். அக்கா காத்திருப்பாரா என்பதைத் தவிர வேறெதுவும் அந்த முகத்தில் இல்லை. பெயரை எடுக்கச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த என் மேல் எனக்கே கோபம் வந்தது.

நாற்பது நிமிடங்களின் பின் எங்களை அழைத்தார்கள். மேசையில் என் மனைவியின் பை திறந்திருந்தது. ஆட்டிறைச்சி றோல் பன்னிரண்டு. ஆட்டிறைச்சி எல்லைக்குள் வரக்கூடாதாம். நீங்களாகவே சொன்னதால் தண்டம் இல்லை. இதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்றார் அந்தப் பெண் அதிகாரி, நல்ல மரியாதையாக. கடிதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஈரி ஏரியோரம் நெடுந்தூரம் ஓட்டினேன். பிறகு, “பன்னிரண்டா?” என்றார். “என் பங்கு ஆறா?”

அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தார், சன்னலோரக் கட்டிலில். தம்பி ஏன் பிந்தினான் என்று கேட்டு, றோல் கதையைக் கேட்டு, சத்தமில்லாமல் தோள்கள் குலுங்கச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “திகதிக்காரர் நீங்கள்தானா?” என்றார். தம்பி தொலைபேசியில் முறையிட்டிருக்கிறார்: இத்தனை வருடம் திகதியை வெட்டி எறிந்துவிட்டாய், பக்கத்து வீட்டுக்காரர் படாதபாடு படுகிறார் என்று.

தலையணைக்கருகில் இருந்த உறையைக் காட்டினார். முத்திரை ஒட்டியிருந்தது, தபாலில் சேர்க்க ஆளில்லாமல் கிடந்தது. உள்ளே புதிய கடிதம். கத்தரிக்கோல் போன ஓரங்கள் கோணல். ஆனால் கடிதத்துக்கு மேலே வேண்டாத ஒரு செய்தியையும் சேர்த்து, பக்கத்தின் உச்சிவரை நீளமாக வெட்டியிருந்தார். மேலே திகதி. அடியில் தம்பியின் பெயர்.

திருப்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பழக்கத்தில் திருப்பினேன். கார் ரயர் மலிவு விற்பனை.