இரவல்

பூச்சி உருண்டை எங்கே மணந்தாலும், கண்டாவளையில் பெரியம்மா வீட்டுப் புத்தக அறைக்குள் போய்விடுகிறேன். மூன்று தலைமுறை சேர்த்த அந்தப் புத்தகங்களை, மத்தியானங்களில் வயலிலிருந்து வந்தவர்கள் கால் கழுவி, சுவரோரம் சாய்ந்து, பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்க வாசித்துக்கொண்டிருப்பார்கள். போரில் ஷெல் வீச்சு நெருங்கி ஊரே இடம்பெயர்ந்த அன்று பெரியம்மா அலுமாரிகளைத் திறந்து, உழவு இயந்திரங்களில் ஏறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்.

"உயிரே மிஞ்சுமோ தெரியேல்லை அக்கா, புத்தகம் என்னத்துக்கு?" என்றார் அப்பா.

"இது இரவல். திருப்பித் தரவேணும். அதுக்காக எண்டாலும் உயிரோட இருங்கோ," என்றார் பெரியம்மா.

வீடு தரைமட்டமானது. வவுனியா முகாமில் அவரைக் கண்டதும், நனைந்து உப்பிப்போன எங்கள் புத்தகத்தை நீட்டினேன். அட்டையைத் துடைத்துவிட்டு, கூடாரங்களைப் பார்த்து உரத்துக் கேட்டார்:

"அடுத்ததா ஆர் வாசிக்கப் போறியள்?"