டப்பாவில் வந்த சுஷி

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஜப்பான்கார மேனேஜரின் மனைவி ஊருக்குப் புதிது. கேஸ் இணைப்பு, வீட்டு வேலைக்கு ஆள் என்று அவருக்காக நான்தான் அலைந்தேன். அதற்கு நன்றியாக ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸுக்கே வந்து ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே சுஷி. கையால் பிடித்த குட்டிச் சோற்றுருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் வேகவைக்காத ஒரு பச்சை மீன் துண்டு. "டுடே, டுடே" என்று இரண்டு தரம் சொன்னார். இன்றைக்குத்தான் செய்திருக்கிறார் போல என்று தலையாட்டினேன்.

மே மாத வெயில். கம்பெனி பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சேலையூரில் என் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெள்ளிக்கிழமை என் கணவர் அசைவம் தொடமாட்டார். அதனால் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சனிக்கிழமை காலை முழுக்க கரன்ட் இல்லை. மதியம் தட்டில் எடுத்து வைத்தேன்.

"என்னது, இவ்வளவு புளிக்குது?" என்றார் கணவர்.

"வினிகர் போடுவாங்களாம்."

"மீன் வழவழன்னு இருக்கே?"

"பச்சை மீன்னா அப்படித்தான் இருக்கும்."

மீன் வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தி, மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். அந்த மூக்கு அன்றும் ஏதோ சொன்னது. ஆனால் நல்ல சுஷி எப்படி மணக்கும் என்றே தெரியாத நான், கெட்டுப்போனதை எங்கே கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கொடுத்தவர் மனசு நோகக்கூடாது என்று என் கணவர் ஆறு சாப்பிட்டார்.

நாலு மணிக்கு பாத்ரூமில் தொப்பென்று சத்தம். ஓடிப் போனால், வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு தரையில் கிடக்கிறார். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். எதிர்வீட்டு அண்ணாதான் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில், "பச்சையாவா? நேத்து செஞ்சதா?" என்று டாக்டர் என்னையே உற்றுப் பார்த்தார். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஞாயிறு மாலைதான் என் கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சனிக்கிழமையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'இன்றைக்கே சாப்பிட்டுவிடு' என்றுதான் அந்தம்மா சொல்லியிருக்கிறார். பச்சை மீன் வைத்த சுஷியை அவர்கள் மறுநாளைக்கு வைப்பதே இல்லையாம். ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் கொண்டுபோனதே தப்பாம். நல்ல மீன் லேசாகக் கடல் வாசனைதான் அடிக்குமாம். நெடி அடித்தாலோ, பிசுபிசுத்தாலோ குப்பையில்தான் போட வேண்டுமாம்.

"சில நேரம் வாசனையே வராது. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னுதான் பார்க்கணும்" என்றார் ஆங்கிலத்தில்.

அன்று மாலையே அந்தம்மா சேலையூருக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று, இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை. "தப்பு என்னோடதுங்க" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னேன். கையில் பிளாஸ்திரியோடு படுத்திருந்த என் கணவர் பதறிப்போய் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவரும் குனிந்து நின்றார்.