நான் நீட்டிய வாக்குத்தத்தம்

என் மனைவி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய நோயைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் வயிற்றில் கட்டி என்றும், சிகிச்சைக்குக் காலம் தாழ்த்திவிட்டோம் என்றும் சொல்லிவந்திருக்கிறேன். இரண்டும் உண்மை. ஏன் தாழ்த்தினோம் என்று எவரும் கேட்டதில்லை. அவர்கள் கேளாமல் விட்டதற்கான விடையை இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ரயில்வே குடியிருப்புகளுக்கு அடுத்த தெருவில் நாங்கள் இருவரும் வசித்தோம். நாள்தோறும் காலை ரயிலில் கிள்ளானுக்குச் செல்வேன். அங்குள்ள நீதிமன்றத்தில், தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை ஆங்கிலத்திலும் நீதிபதி சொல்வதைத் தமிழிலும் எடுத்துரைப்பது என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்துவேன். கடவுளால் இயலாதது ஒன்று உண்டென்றால் அது பொய்யுரைப்பதே. நேற்று ஒன்று சொல்லி இன்று மாறுவது அவருடைய இயல்பிலேயே இல்லை. இவை நான் விரும்பி நடத்திய பாடங்கள். தர்க்க ஒழுங்கோடு அவற்றை நிறுவுவேன். நன்றாக நிறுவுகிறேன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபையின் வழக்கம். வேதத்தில் கடவுள் அளித்துள்ள வாக்குறுதிகளைச் சிறு அட்டைகளில் எழுதி, எழுத்துப் பக்கம் தெரியாதபடி ஒரு பித்தளைத் தட்டில் பரப்பிக் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம் அந்த ஆண்டுக்கு அவருக்கென்றே கடவுள் சொன்ன வார்த்தை என்று கொள்ளப்படும். இதைச் சீட்டுக் குலுக்கல்போல் எண்ணக் கூடாது என்று போதகர் ஆண்டுதோறும் எச்சரிப்பார். எச்சரிக்கைக்குத் தேவையே இருந்ததில்லை. அட்டையை வேதப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். சிலர் சுவரில் ஒட்டுவார்கள். ஊருக்குக் கடிதம் எழுதினால் முதல் வரியாக அதைத்தான் எழுதுவார்கள். என் கையெழுத்து திருத்தமானது என்பதால் அட்டைகளை எழுதுவதும், தட்டை ஏந்திப் பெஞ்சு பெஞ்சாகச் செல்வதும் என் பொறுப்பாயின.

அந்த டிசம்பரில், கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையின் ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் என் மனைவியைப் பரிசோதித்துவிட்டு, வயிற்றுக் கட்டியை அறுத்து எடுக்க வேண்டும், சில வாரங்களுக்கு மேல் காத்திருக்கலாகாது என்றார். அவர் சொன்னதைத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். அவள் கத்தியைவிட மயக்க மருந்துக்கு அஞ்சினாள். தூங்கவைத்தால் எழுந்திருப்பேனோ மாட்டேனோ என்றாள்.

"வருஷம் பொறக்கட்டுங்க. ஆண்டவர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டுப் போவோம்" என்றாள்.

அவள் அட்டைக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. பழத்தை நீட்டினாலும் பலகாரத்தை நீட்டினாலும், தட்டில் தனக்கு மிக அருகில் இருப்பதையே அவள் எடுப்பாள். நீண்ட ஆயுளால் நிறைவளிப்பேன் என்று கடவுள் கூறும் வசனத்தை எழுதிய அட்டையை என் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் அமர்ந்திருந்த பெஞ்சுக்கு வந்ததும் விரலை விலக்கி, அந்த அட்டை அவள் பக்கம் வருமாறு தட்டைத் திருப்பி நீட்டினேன். அவள் கண்களை மூடி ஒரு கணம் ஜெபித்தாள்; பிறகு அதை எடுத்தாள்.

மருத்துவமனைக்குச் செல்ல அவளுக்குத் தைரியம் வர வேண்டும் என்பதே என் நோக்கம். இதை என் தரப்பு வாதமாக எழுதவில்லை. நடந்ததன் வரிசை விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆலயத்தின் வெளியே பெண்கள் அட்டைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அண்டைவீட்டில் இருந்த ரயில்வே கார்டு உத்தியோகத்தரின் மனைவி தன் அட்டையை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினாள்.

"பாருங்கக்கா, பொறுமையா இருந்தா பலன் உண்டாம். போன வருஷமும் எனக்கு இதேதான். ஆண்டவருக்கு எங்க வீட்டுக்காரர நல்லாத் தெரியும்போல."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி தன் அட்டையைக் கொடுத்தாள். அந்தப் பெண் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்ததும் கேலி போய், என் மனைவியைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! இதுக்கு மேல என்னக்கா வேணும்?"

"அதான்" என்று சொல்லி என் மனைவி என் பக்கம் திரும்பினாள். பல வாரங்களாக நான் காணாத முகம் அது. "ஏங்க, ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டுடுங்க. நாங்க வரலன்னு."

நான் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தும் பொருள் உடனே ஏறவில்லை. தைரியத்துக்காக நான் கொடுத்ததை அவள் தீர்ப்பாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே வாதிட்டேன். மருத்துவரும் கடவுளின் கருவியே என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கத்திய வெச்சுத்தான் காப்பாத்துவேன்னு அதுல எழுதலையே" என்றாள். அறுவைக்குப் போவது நம்பிக்கைக் குறைவாகாது என்றேன். "சொன்னவர் மாற மாட்டார்னு பாடம் எடுக்கறது நீங்கதான?" என்றாள். பதில் என்னிடம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சபை நடுவே எழுந்து நின்று, கடவுள் தனக்கு ஆயுளை வாக்களித்திருக்கிறார் என்று சாட்சி சொன்னாள். அதன் பின் அந்த வாக்கியத்தைச் சொல்வது மேலும் கடினமாயிற்று. அவளுடைய விசுவாசம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். என் பெயர் கெட்டுவிடும் என்ற காரணத்தை எனக்குக்கூடக் கூறிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், கிள்ளானை அடுத்த காப்பார் ஊரின் தோட்டத் தொழிலாளி ஒருவர் சாட்சிக்கூண்டு ஏறுமுன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நான் ஏதாச்சும் ஏறுக்குமாறா பேசிட்டா, நீங்க இங்கிலீஷ்ல கொஞ்சம் நல்லபடியா மாத்திச் சொல்லிடுங்க."

"ஓர் எழுத்துகூட மாற்ற மாட்டேன். அப்படிக் கேட்பதே குற்றம்" என்றேன். அவர் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். அன்று மாலை ரயிலில் அமர்ந்தபோது, அவரை மன்னித்த என் குரல் நினைவுக்கு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை தலையை நிமிர்த்த என்னால் இயலவில்லை.

மார்ச் மாதத்துக்குள் அவள் உடல் பாதியாகிவிட்டது. வயிறு மட்டும் வளர்ந்தது. ஜெபிக்க முழங்காலிடுவாள், உதடுகள் அசையா. நோயின் சோர்வு என்று எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கஞ்சியைத் தொடாமலே கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டிலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன்.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த அட்டை தானா உன் கைக்கு வரல. நான்தான் உனக்கு நேரா வெச்சு நீட்டுனேன்."

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"எல்லாருக்குமா?"

"இல்ல. உனக்கு மட்டும்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். என்ன வரும் என்று நான் பலமுறை கணித்து வைத்திருந்தேன். அழுகை, வசை, அல்லது இனி ஆலயத்துக்கே வரமாட்டேன் என்னும் சொல். அவற்றுக்குப் பதிலும் ஆயத்தம் செய்திருந்தேன். அவள் ஒரு நீண்ட மூச்சை விட்டாள்.

"அப்ப, அவர் பொய் சொல்லல."

"இல்ல."

"மாறவும் இல்ல."

"இல்ல."

"எத்தன வாரமா நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமாங்க? ஒடம்பு கரையுது. அவர் சொன்ன வார்த்த அங்க புத்தகத்துக்குள்ள இருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான இருக்கணும்? இந்த ஒடம்ப என்னால பொய்னு சொல்ல முடியல." மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் சொன்னாள்: "யார்கிட்டப் போய்ச் சொல்றது? முழங்கால் போட்டா, எதிர்ல யார் இருக்கான்னே தெரியல." பிறகு என்னைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "நீங்கதானா! நல்ல வேள."

என் வாழ்நாளில் என்னை அதுபோல் அறைந்த சொல் வேறில்லை. அவளுடைய விசுவாசத்தைக் காப்பதற்காக மூன்று மாதம் மௌனம் காத்தேன் என்று நம்பியிருந்தேன். அந்த மூன்று மாதமும் அவளை ஒரு பொய்யான கடவுளோடு தனியே அடைத்துவைத்திருந்தது என் மௌனம்தான். பொய்யன் தன் கணவனே என்று தெரிந்ததும் அவளுக்கு விடுதலை கிடைத்தது. பொய்யுரைக்க இயலாதவரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவன் நான். அவர் பொய்யுரைத்துவிட்டால் ஒரு மனித உயிர் நிற்க இடமின்றிப் போகும் என்பதை, என் பாடங்களில் ஒன்றில்கூட நான் நிறுவியதில்லை.

சிரிப்பு அடங்கிய பின் அவள் மல்லாந்து படுத்தாள். பிறகு, கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவர் இருந்த எடத்துலயே இருக்காரு. உங்கள எங்க வைக்கறதுன்னுதான் தெரியல." சற்றுப் பொறுத்து, "நாளைக்கு லீவு போடுங்க. டாக்டர் தொரகிட்டப் போவோம். அவர் சொல்றத அப்படியே எனக்குச் சொல்லணும். கோர்ட்டுல சொல்ற மாதிரி" என்றாள்.

மறுநாள் காலை ரிக்‌ஷாவில் சென்றோம். மருத்துவர் அவளைப் பரிசோதித்தார், கைகளைக் கழுவினார், துடைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்தக் குரல் கிடையாது. பேசுபவர் 'நான்' என்றால் அவனும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அவ்வாறே சொன்னேன்.

"கட்டி பரவிவிட்டது. இனி நான் அறுத்துப் பயனில்லை. வலிக்கு மருந்து தருகிறேன்."

அவள் தலையசைத்தாள்.

"புது வருஷத்துலயே வந்திருந்தா பொழச்சிருப்பேனா? கேளுங்க."

நான் மருத்துவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன்.

"கேளுங்க."

கேட்டேன். மருத்துவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சில சொற்கள் சொன்னார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அறையில் என்னைத் தடுக்கவோ திருத்தவோ எவரும் இல்லை.

"உங்களுக்கு எது ஆறுதலோ அதை உங்கள் கணவரே சொல்லிக்கொள்ளலாம், நான் குறுக்கிட மாட்டேன்" என்று அதையும் அவளிடம் மறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"வேணாம். தொரையே சொல்லட்டும்."

மருத்துவர் சொன்னார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மணமான நாள்முதல் நீ என்றே அழைத்துவந்தவளிடம், ஒரு சாட்சியிடம் பேசுவதுபோல் சொன்னேன்:

"ஜனவரியில் வந்திருந்தால் உங்களைப் பெரும்பாலும் காப்பாற்றியிருப்பேன்."

 அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "தொரைக்கு நன்றி சொல்லிடுங்க" என்றாள். சொன்னேன்.

வெளி வராந்தாவில் அவள் நின்றாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமா."

"இருக்கட்டும்."

தனியே இறங்க அவளுக்கு வலுவில்லை. என் முழங்கையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். ஐந்து படிகள். கீழே வந்ததும் கையை விட்டுவிட்டாள்.