பாயாசம் சிந்தாத கார்

பழைய கார் விற்கிற தொழிலில் நாம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாங்க வருகிறவர்களே தங்களுக்கு வேண்டிய பொய்யைக் கையோடு கொண்டு வந்துவிடுவார்கள். மாமனாருக்காக வாங்குகிறேன் என்பவர் தனக்காகத்தான் வாங்குவார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பவர் நல்ல நேரம் பார்த்துத்தான் வீட்டை விட்டே புறப்பட்டிருப்பார்.

நாகர்கோவிலில் பார்வதிபுரம் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு யார்டு வைத்திருக்கிறேன். பெண் ஒருத்தி கார் வியாபாரம் செய்வாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "முதலாளி எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் பலர். இதை வாசிக்கிறவர்களில் மடித்த புடவையை மறுபடி மடிக்கிறவர்கள், வாடகை வீடு காட்டுகிறவர்கள், வரன் தேடிக் கொடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். பகவதி அக்காவுக்கு நான் கார் தேடிய கதை உங்களுக்குத்தான் புரியும்.

டிக்கி வண்டி வேண்டாம்

பகவதி அக்காவுக்கு ஊர் பூதப்பாண்டி பக்கம். அவர் கணவர் ஆறுமுகம் அண்ணன் கல்யாணச் சமையல்காரர். பாயாசத்துக்குப் பேர்போனவர். சாம்பார், அவியல் எல்லாம் மண்டபத்தில் சமைப்பார்; பாயாசத்தை மட்டும் தன் வீட்டு அடுப்பில், தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டுத்தான் காய்ச்சுவார். அதனால் அந்தப் பாயாசம் எப்போதும் ஊர் விட்டு ஊர் போயாக வேண்டும். அதற்கென்றே செய்தது போல அவர்களிடம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வண்டி இருந்தது. காரைப் போலத் தாழ்வு. பின்பக்கம் மட்டும் நீண்டு, சீட்டுக்குப் பின்னால் தடுப்பில்லாத பெரிய இடம். என்ஜினோ பந்தயத்துக்கு விடலாம் போல இருக்கும். ஓட்டுவது அக்கா. இரண்டு மகள்களும் கூட வருவார்கள். பின் சீட்டில் அண்ணன் உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டி, அண்டாவின் மூடியைப் பிடித்துக்கொண்டே வருவார்.

கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. போன மாசியில் கியர்பாக்ஸ் போனது. மாற்றுவதற்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த வாரம் குழித்துறையில் ஒரு கல்யாணம். வேறு வழியில்லாமல் குட்டியானை என்கிற சின்ன லாரியை வாடகைக்குப் பிடித்தார்கள். தக்கலை தாண்டுவதற்குள் பாதிப் பாயாசம் லாரியின் தளத்தில் ஓடியது. மிச்சம் முதல் பந்தியோடு தீர்ந்தது. இரண்டாம் பந்தியில் பெண்ணின் தாய்மாமா இலையைக் காட்டிச் சொன்னாராம்: "போளி தனியா கெடக்குவே. அதுக்க தொணைய ரோட்டுல விட்டுட்டு வந்துட்டீரே."

அதே வீட்டில் இளைய பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், மறுபடியும் இவர்களையே அழைத்திருந்தார். இந்த முறையும் சிந்தினால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவதாக அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "ஏட்டி ஷீபா, அதே மாதிரி வண்டி ஒண்ணு வேணும். டிக்கி வண்டி மட்டும் காட்டாத, பாயாசத்தை இருட்டுல பூட்டிவைக்க அவரு சம்மதிக்க மாட்டாரு. பொறவு, வண்டி நல்லா இழுக்கணும். வேகம் எனக்கில்ல கேட்டியா, பாயாசம் ஆறப்பிடாதுல்லா."

காற்றில் ஒரு சோதனை

நான் முதலில் காட்டியது உயரமான எஸ்யூவி. இப்போது பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் சோதனைக் கருவியை வெளியே எடுத்தார். ஒரு பெரிய தூக்குப்பாத்திரம் நிறைய நிஜமான பால்பாயாசம். வாயைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு. துண்டு நனையாமல் திரும்பி வந்தால் வண்டி பாஸ். உங்கள் கடைக்கு இப்படிப் பரீட்சைக் கருவியோடு வந்தவர்கள் உண்டா?

தோவாளை வழியாக ஆரல்வாய்மொழிக்கு விட்டோம். காற்றாலைகள் இருக்கிற இடத்துக்கு வந்ததும் காற்று வண்டியின் விலாவில் மோதியது. நான் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். பின் சீட்டில் அண்ணன் தூக்கைக் கட்டிப் பிடித்தார். பிடித்தும் பயனில்லை, அவர் வெள்ளைச் சட்டையில் முந்திரிப்பருப்பு ஒட்டியிருந்தது. யார்டில் இறங்கியதும் அவர் என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: "வண்டி கொள்ளாம் மக்கா, நல்ல வண்டிதான். பாயாசத்துக்குத்தான் மயக்கம் வந்துட்டு."

குடும்பமே ஏறலாம்

அடுத்தது ஏழு பேர் போகிற குடும்ப வண்டி. இடம் தாராளம். தரை தாழ்வு, அண்ணன் கைக்கு மூடி எட்டியது. துண்டும் நனையவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் அக்கா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், வண்டி யோசிக்கிறது. ஏசி வேறு போட்டிருந்தோம். மேம்பாலம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் இருந்த குழந்தை ஒன்று டாட்டா காட்டியது.

அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பஸ்ஸை அவர் தாண்டித்தான் பழக்கம். ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து என் மடியில் போட்டார்: "இதுல ஏத்துனா, கல்யாணத்துக்குக் காய்ச்சுன பாயாசம் பிள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்குத்தான் போய்ச் சேரும்."

சிரித்தவர்கள்

இதற்குள் விஷயம் எங்கள் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. குரூப்பில் நான் ஒருத்திதான் பெண். அவர்கள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது. காலையில் வணக்கத்துக்குப் பதிலாகப் பாயாசக் கிண்ணத்தின் படம் போட ஆரம்பித்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்காவுக்கு வண்டி எடுத்துக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். தொழில் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், முழுக்க முழுக்க வீம்பு.

நடுவில் ஒரு மின்சாரக் காரும் ஓட்டிப் பார்த்தோம். மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. அக்கா "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டார். போட்டுவிட்டுக் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்து இருமினார். ஆனால் அது மூடிய டிக்கி. அண்ணன் கை எட்டாது. இறங்கும்போது நான் கேட்காமலேயே அக்கா சொன்னார்: "எனக்கென்னட்டி வேகம், எல்லாம் பாயாசத்துக்காக்கும்."

கொல்லத்தில் கிடைத்தது

ஆனி கடைசியில் கொல்லத்திலிருந்து ஒரு தரகர் படம் அனுப்பினார். அதே மாடல், அதே என்ஜின், வெள்ளை நிறம். முன்பக்கப் படம் மட்டும்தான். பின்பக்கத்தைக் கேட்டதற்கு "நேரில் வாருங்கள்" என்றார். நான் அப்போதே உஷாராகி இருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு எங்கே தோன்றும்? மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு போனோம்.

வண்டி நிஜமாகவே முத்து மாதிரி இருந்தது. அக்கா பானட்டைத் தூக்கி, என்ஜின் சத்தத்தைக் கேட்டு, கண் கலங்கினார். அண்ணன்தான் பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பின் கண்ணாடியில் மலையாளத்தில் 'அந்திம யாத்திரை' என்று பெரிதாக எழுதி, இரண்டு பக்கமும் பூ வரைந்திருந்தது. உள்ளே சவப்பெட்டியை உருட்டித் தள்ளுவதற்கான உருளைகள். எழுத்தை அழித்துவிடலாம், உருளைகளைக் கழற்றிவிடலாம் என்றார் தரகர். அக்கா பானட்டைப் பைய மூடினார்: "வண்டி தங்கமாக்கும். ஆனா பாயாசத்தோட இதுல போனா, வழியில உள்ளவன் எல்லாம் தலையில கெட்டுன துண்டை அவுத்துட்டு எழும்பி நிப்பானே மக்கா!"

மூலையில் நின்றது

ஆடிச் சாரல் பெய்கிற ஒரு காலையில் அக்காவும் அண்ணனும் வந்தார்கள். கல்யாணத்தை வேறு சமையல்காரரிடம் விட்டுக்கொடுக்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்கள். பெண்வீட்டாருக்கு ஆள் தேட அவகாசம் வேண்டுமே. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அண்ணன் கையில் தூக்குப்பாத்திரம். சோதனைக்கு வண்டி இல்லாவிட்டாலும், இத்தனை நாள் அலைந்தவளுக்கு என்று கொண்டு வந்திருந்தார்.

மழை சடசடவென்று பிடித்தது. கூரையின் கடைசி மூலைக்கு ஓடினோம். அங்கே ஒரு நீலக் கார் உறை போட்டு நின்றிருந்தது. அருமனையில் இருந்த ஒரு டாக்டர் மகனோடு வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பெட்ரோலை ஆனை மாதிரிக் குடிக்கும், மாடலும் நின்றுபோனது என்று யாரும் சீந்தவில்லை. தூக்கு நனைகிறதே என்று அந்தக் காரின் பின்கதவைத் தூக்கினேன். பின் கண்ணாடியும் சேர்ந்து மேலே எழும்பியது. பாத்திரத்தை வைக்க வசதியாக, குறுக்கே கிடந்த அட்டைத் தட்டையும் எடுத்துக் கீழே போட்டேன். தூக்கை உள்ளே வைத்தேன்.

அண்ணன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையைப் பின்னால் நீட்டினார். மூடி கைக்கு வந்தது.

வெளியே இருந்து பார்த்தால் டிக்கி வைத்த கார். பின்கதவைத் திறந்து தட்டை எடுத்துவிட்டால், சீட்டுக்குப் பின்னால் எல்லாம் ஒரே இடம். பழைய வண்டி செய்த அதே கம்பெனி, அதே என்ஜின். அக்காவின் பழைய வண்டியிலிருந்து கழற்றினால் பாதிச் சாமான் இதற்குப் பொருந்தும். இது எல்லாம் எனக்குத் தெரியாததா? 'டிக்கி வண்டி காட்டாதே' என்று அக்கா முதல் நாள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்த மூலைப் பக்கமே நான் திரும்பவில்லை.

மழையிலேயே வட்டக்கோட்டை வரை போனோம். கடல்காற்று அடித்தது, கார் அசையவில்லை. வரும்போது ஒரு டவுன் பஸ்ஸை அக்கா தாண்டினார். ஒன்று அல்ல, அதற்கு முன்னால் போன இன்னொன்றையும் சேர்த்து. யார்டில் நிறுத்தியதும் மூன்று பேரும் பின்னால் ஓடினோம். துண்டு காய்ந்து கிடந்தது. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்: "இத மூலையில நிறுத்தி வச்சுக்கிட்டு, என்னைக் கொல்லம் வரை பொணவண்டி பாக்கவா கூட்டிட்டுப் போன? உன்னை என்ன செய்தா தகும்!"

இரண்டாம் பந்தி

ஆவணிக் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. குழித்துறை மண்டபத்து வாசலில் நான் காலையிலேயே போய் நின்றுவிட்டேன். மாப்பிள்ளை வருவதை எட்டிப் பார்த்தவர்களைவிட அந்த நீலக் காரை நான் அதிகம் எட்டிப் பார்த்தேன். கார் வந்து நின்றது. அண்டாவை நாலு பேர் இறக்கினார்கள். வாயைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துண்டை அக்கா அவிழ்த்து, ஒரு உதறு உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டார். அதில் ஒரு சொட்டு இல்லை. நான் அதை போட்டோ எடுத்து வியாபாரிகள் குரூப்பில் போட்டேன். மறுநாள் காலையிலிருந்து பாயாசக் கிண்ணத்தின் படம் வருவது நின்றது.

தாய்மாமா வேண்டுமென்றே முதல் பந்தியை விட்டுவிட்டு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். போளியைப் பிய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் தானே வாளியை எடுத்துக்கொண்டு போய் அவர் இலையில் ஊற்றினார். பாயாசம் சூடாக இருந்தது. ஆவி எனக்கே தெரிந்தது. மாமா போளியை அதில் பிசைந்து ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார். பிறகு இலையை முன்னால் தள்ளினார்: "ஆறுமுகம், போன கல்யாணத்துல எனக்கு வரவேண்டியதையும் சேத்து இன்னைக்கு ஊத்தும்வே."

அண்ணன் ஊற்றிக்கொண்டே அழுதார். நானும்தான்.

காலி அண்டா

சாயங்காலம் யார்டில் இறக்கிவிடுவதாக அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டார். முன்னால் மூத்த மகள். பின்னால் அண்ணன், இளையவள், நான். எங்களுக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்த அண்டா. அண்ணன் வழக்கத்தை விடாமல் அதன் மேலும் ஒரு கையை வைத்திருந்தார். தக்கலை தாண்டியதும் சாலை கொஞ்சம் ஒழிந்து கிடந்தது. என்ஜின் உறுமியது. என் முதுகு சீட்டில் ஒட்டியது. முன்னால் போன லாரி பக்கத்தில் வந்தது, பின்னால் போனது.

"எக்கா, அண்டா காலியாத்தானே இருக்கு? இப்ப எது ஆறிப்போவுதுன்னு இந்த ஓட்டம்?" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் சிரிப்பது மட்டும் தெரிந்தது: "இது எனக்காக்கும்டி."

ஐந்து மாதமாக நான் தேடி அலைந்தது பாயாசத்துக்கான கார் அல்ல என்பது, பாயாசம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் இந்த மரமண்டைக்கு ஏறியது.